நெபுலா படத்தில் சிவப்புத் திட்டு: கோளாறு லென்ஸில் இல்லை

லடாக்கின் ஹான்லேயில் மூன்று இரவுகள் வீணான பிறகுதான் பிடிபட்டது.

படம் எடுத்தது பெர்சியஸ் விண்மீன் கூட்டத்தில் உள்ள கலிஃபோர்னியா நெபுலா என்ற வாயு மேகம், பட்டியல் எண் என்ஜிசி 1499. முழு நிலவைப் போல ஐந்து மடங்கு நீளம், ஆனால் வெறும் கண்ணுக்குச் சிக்காத மங்கல். அதன் 656.3 நானோமீட்டர் சிவப்பு ஹைட்ரஜன் ஒளிக்காகவே, அதைப் பெருமளவு தடுக்கும் என் டிஎஸ்எல்ஆர் கேமராவின் உள்ஃபில்டரை மாற்றியிருந்தேன். 135 மிமீ லென்ஸ், விண்மீன்களின் நகர்வுக்கேற்ப கேமராவைத் திருப்பும் டிராக்கர், ஐஎஸ்ஓ 1600, படத்துக்கு 2 நிமிடம்.

படங்களை ஒன்றின் மேல் ஒன்றாக மென்பொருளில் அடுக்கினால் கீழ் ஓரத்தில் சிவப்புத் திட்டு. முதலில் அதையும் நெபுலா என்றே நம்பினேன், பேராசை! ஊர் வெளிச்சமா என்று கேமராவை வேறு திசைக்குத் திருப்பினேன். திட்டு அதே இடத்தில். லென்ஸின் ஓர இருட்டையும் தூசித் தடத்தையும் நீக்க உதவும் ஃபிளாட் படங்களைப் புதிதாக எடுத்தேன், மாற்றமில்லை. சென்சார் சூடா? வெளியே உறைகுளிர்.

சரி என்று லென்ஸை மூடிவிட்டு 2 நிமிடம் எடுத்தேன். திட்டு இருந்தது! அதையே அறையில், விளக்கை அணைத்து எடுத்தால் இல்லை. அப்படியானால் ஒளி பின்பக்கமாக வருகிறது. டிராக்கரின் குட்டிச் சிவப்பு விளக்கு சரியாக, கேமராவின் பின்னால் கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டருக்கு நேரே எரிந்துகொண்டிருந்தது. சிவப்பு விளக்கு இருளுக்குப் பழகிய நம் கண்ணைத்தான் கெடுக்காது. ஃபில்டர் மாற்றிய கேமராவுக்கு அது விருந்து.

வியூஃபைண்டர் மேல் கறுப்பு டேப், விளக்கின் மேலும் ஒரு துண்டு. நான்காம் இரவில் எடுத்த 60 படங்களும் சுத்தம். வியூஃபைண்டரை மூடும் ரப்பர் மூடி முதல் நாளிலிருந்தே கேமரா பட்டையில் தொங்கிக்கொண்டிருந்தது.