கல்யாணம், கந்தூரி, கிடாவெட்டு: எடையைக் குறைக்கும்போது பந்தியில் செய்யக் கூடாத தவறுகள்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும். அந்த நாட்களில் பாதிக்குப் பள்ளிக்கூடமும் லீவு. வளைகுடாவில் வேலை பார்ப்பவர்கள் ஊருக்கு வருவதும் இந்தச் சமயத்தில்தான் அதிகம். தொண்டி, தேவிபட்டினம், கீழக்கரை, பாம்பன் என்று கரையோரம் முழுக்கக் கல்யாணமும் காதுகுத்தும் கோயில் கிடாவெட்டும் இந்த நாட்களில் நெருக்கி வரும். வலை இழுத்த உடம்புக்கு அப்போது வேலையும் குறைவு, சோறு மட்டும் பழைய அளவு. எடை குறைக்கத் தொடங்கிய பலர் ஜூன் மாதம் ‘விருந்தால் கெட்டது’ என்று கைவிடுவதற்கு இதுதான் பின்னணி. கணக்குப் போட்டுப் பார்த்தால், விருந்துச் சோற்றைவிட அதற்கு முன்னும் பின்னும் நடப்பவைதான் அதிகம் கெடுக்கின்றன.

ஒவ்வொரு விருந்தையும் தனியாகப் பார்ப்பது

நாளுக்கு 500 கலோரி குறைத்துச் சாப்பிடுகிறவருக்கு வாரத்தில் 3,500 கலோரி பற்றாக்குறை சேரும். அதில் ஒரு கல்யாணத்தில் வழக்கத்தைவிட 1,000 கூடிவிட்டாலும் 2,500 கையில் இருக்கும். எடை குறையத்தான் செய்யும். அதே வாரத்தில் மூன்று விருந்து, மூன்று நாளும் ராத்திரிக்குப் பார்சல் பிரியாணி என்றால் அந்த வாரம் போச்சு. ‘ஒரு நாளில் என்ன ஆகப்போகிறது’ என்று சொல்பவர்கள் ஒரு வகையில் சரியாகத்தான் சொல்கிறார்கள். அது ஒரே நாளாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

வாரத் தொடக்கத்தில் பத்திரிகைகளை எடுத்து வைத்து மூன்றாகப் பிரியுங்கள். நெருங்கிய சொந்தம், மனநிறைவாகச் சாப்பிட வேண்டியது ஒன்று. பந்தியில் உட்கார்ந்து கொஞ்சமாகச் சாப்பிட்டு எழ வேண்டியவை சில. முதல் நாள் மாலையே போய் மொய் எழுதி, காபியோடு திரும்பக்கூடியவை மற்றவை.

புது மாப்பிள்ளை, பொண்ணுக்கும் வெளிநாட்டு வேலையிலிருந்து லீவில் வந்த சபுராளிக்கும் சிக்கல் வேறு மாதிரி. வீடு வீடாகக் கூப்பிட்டு விருந்து வைப்பார்கள், எதையும் தட்ட முடியாது. இங்கே பேச வேண்டிய நேரம் அழைப்பு வரும்போதுதான். ‘ராத்திரிக்கு வர்றோம் மாமி, இடியாப்பமும் மீன் ஆணமும் (குழம்பும்) போதும், அதுதான் ஆசையா இருக்கு’ என்று முன்னாலேயே கேட்டுவிட்டால் கேட்டதைச் செய்து போடுவதில் அவர்களுக்கும் சந்தோஷம். நெய்ச்சோறு தம்மில் இறங்கிய பிறகு வேண்டாம் என்றால் மனக்கசப்புதான் மிஞ்சும்.

பட்டினி கிடந்து பந்திக்குப் போவது

மத்தியானம் பிரியாணி இருக்கிறதே என்று காலைச் சாப்பாட்டை விடுவதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு. பந்தி 12.30 என்பார்கள், நமக்கு இடம் கிடைக்க 2 மணி ஆகும். கிடாவெட்டு என்றால் கறி வெந்து இலை விழ 3 மணிகூட ஆகும். முந்தின ராத்திரிக்குப் பிறகு ஒன்றும் சாப்பிடாத வயிறு அப்போது மெதுவாகச் சாப்பிட விடாது. வயிறு நிறைந்தது என்ற உணர்வு வர ஏறக்குறைய 20 நிமிடம் ஆகும். பந்தியில் ஆள் உட்கார்ந்து எழுவதே 15 நிமிடம். நிறைந்தது தெரிவதற்குள் மறுசோறும் உள்ளே போயிருக்கும்.

காலை 8 மணிக்கு 2 அவித்த முட்டை, 2 இட்லி, சாம்பார். அல்லது ஒரு கிண்ணம் சுண்டல். கிளம்பும் முன் ஒரு டம்ளர் மோர். மொத்தம் 400 கலோரிக்குள் அடங்கும் இந்தச் சாப்பாடு, பந்தியில் அவசரமாக அள்ளிப் போடுவதைத் தடுக்கும்.

சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ, கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர்கள் மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பாட்டைத் தள்ளிப்போடவே கூடாது. வெயிலில் பந்தலுக்குள் மயங்கி விழுவது இதனாலும் நடக்கலாம்.

சஹனில் எல்லை தெரியாமல் சாப்பிடுவது

கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் நிக்காஹ் சாப்பாடு சஹனில் வந்தால் மூன்று, நான்கு பேர் ஒரே தட்டைச் சுற்றி உட்காருவார்கள். அன்புக்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. அளவுக்கு இதைவிட மோசமானதும் கிடையாது. தனித் தட்டில் எவ்வளவு போனது, எவ்வளவு மிச்சம் என்று கண் பார்த்துக்கொண்டே இருக்கும். சஹனில் நடுக்குவியல் குறைந்துகொண்டே போகும், யார் எவ்வளவு சாப்பிட்டார்கள் என்று யாருக்கும் தெரியாது. நாலு பேரில் வேகமாகச் சாப்பிடுபவரின் வேகம் மற்ற மூவருக்கும் ஒட்டிக்கொள்ளும். போதாததற்குப் பக்கத்தில் இருப்பவர் மரியாதைக்காக நல்ல கறித்துண்டாகப் பார்த்து உங்கள் பக்கம் தள்ளுவார். காலியாகத் தெரிந்தால் மறுசோறு வந்து விழும்.

சமாளிக்க வழி இருக்கிறது. உட்காரும்போதே பெரியவர்களோடு, மெதுவாகச் சாப்பிடுபவர்களோடு சேர்ந்து உட்காருங்கள். இளவட்டங்களின் சஹன் வேண்டாம். சோற்றில் கை வைத்ததும் உங்கள் முன்னால் உள்ள கால் பங்கை விரலால் லேசாகப் பிரித்து, அதிலும் பாதியை நடுப்பக்கம் ஒதுக்கிவிடுங்கள். பெரியவர்களுக்குத் தள்ளிக் கொடுப்பது போலத்தான் தெரியும், யாரும் தவறாக எடுக்க மாட்டார்கள். முதலில் கறியும் தால்ச்சாவில் கிடக்கும் கத்தரிக்காயும் பருப்பும், பிறகு சோறு. எல்லோரும் சேர்ந்து எழுவது வழக்கம் என்பதால் முதலில் முடித்துவிட்டுக் கை காய உட்கார்ந்திருக்க முடியாது. உட்கார்ந்தால் கை தானாகச் சோற்றுக்குப் போகும். அதனால் ஒரு எலும்புத் துண்டைக் கடைசிவரை மிச்சம் வையுங்கள். அதைச் சாவகாசமாகக் கடித்துக்கொண்டிருப்பவரைப் பார்த்து ‘ஏன் சாப்பிடலை’ என்று யாரும் கேட்பதில்லை.

சோற்று அளவை மட்டும் பார்த்து நெய்யை விட்டுவிடுவது

‘ஒரு கரண்டிதான் வாங்கினேன்’ என்பது வெள்ளைச் சோற்றுக்குச் சரி. நெய்ச்சோற்றின் கணக்கு வேறு. ஒரு கிலோ அரிசியில் ஏறக்குறைய 3,500 கலோரி. அதற்கு நெய்யும் எண்ணெயுமாக 200 கிராம் போட்டால் இன்னும் 1,800. வெந்து 3 கிலோ சோறாகும் என்று வைத்தால், 300 கிராமுக்கு 530 கலோரி. அதே அளவு வெள்ளைச் சோறு 390 கலோரி. வித்தியாசம் முழுவதும் கண்ணுக்குத் தெரியாத கொழுப்பு. பிரியாணியில் கறியின் கொழுப்பும் சேரும். அண்டாவின் அடியில் எண்ணெய் இறங்கி நிற்பதால் கடைசிப் பந்திக்கு வரும் அடிச்சோறு மேல்சோற்றைவிடக் கனமானது. அளவைக் குறைக்க விரும்புகிறவர் முதல் பந்தியில் உட்காருவது நல்லது.

300 கிராம் என்பது ஒரு சின்னக் கிண்ணம் குவித்து ஒன்றரை முறை. வீட்டில் ஒரு நாள் சோற்றைத் தராசில் வைத்து, தட்டில் கொட்டிப் பார்த்துக்கொண்டால் பந்தியில் கண்ணே அளந்துவிடும்.

மீன்தானே என்று இருந்துவிடுவது

பாம்பன், தங்கச்சிமடம் தேவாலயத் திருவிழா வீடுகளிலும் தடைக்காலம் முடிந்து படகு வந்த நாட்களிலும் இது நடக்கும். கொழுப்புக் குறைந்த மீன் 100 கிராமில் 100 கலோரிதான், புரதம் 20 கிராம். எடை குறைப்பவருக்கு இதைவிட நல்ல சாப்பாடு கிடையாது. ஆனால் பொரிக்கும்போது எண்ணெய் குடிப்பது மேல்பரப்பு. பெரிய விளமீன் துண்டு ஒன்றைவிட, அதே எடைக்கு நெத்திலி எடுத்து அரிசி மாவில் புரட்டிப் பொரித்தால் பரப்பு பல மடங்கு, எண்ணெயும் அப்படியே ஏறும். நெத்திலி ஆசையா, குழம்பில் போட்டதைச் சாப்பிடுங்கள். கணவாயும் நண்டும் மசாலாவில் பிரட்டினால் நல்லது, மாவு போட்டுப் பொரித்தால் பஜ்ஜிதான். தேங்காய்ப்பால் ஊற்றிய ஆணத்தில் மீனை எடுத்துக்கொண்டு கெட்டி ஆணத்தைச் சோற்றில் ஊற்றாமல் விட்டாலே பாதி வேலை முடிந்தது: கெட்டித் தேங்காய்ப்பால் 100 மில்லியில் 200 கலோரிக்குக் குறையாது.

இனிப்பும் குடிப்பதும்

கருப்பட்டி உடம்புக்கு நல்லது, அதனால் துதல் அல்வா பரவாயில்லை என்ற நம்பிக்கை இந்தப் பக்கம் பலமாக இருக்கிறது. கருப்பட்டியில் கொஞ்சம் தாது உப்புகள் உண்டு. கலோரியில் சர்க்கரைக்கு அண்ணன்தம்பிதான். தேங்காய்ப்பாலும் அரிசி மாவும் சேர்த்து எண்ணெய் பிரியும்வரை கிண்டிய துதல் 50 கிராம் துண்டே 200 கலோரியைத் தொடும். சாப்பிடுங்கள், ஒரு துண்டு. அன்றைக்குப் பாயசத்தைத் தொடாதீர்கள்.

பதநீரும் இதே கதை, ஒரு பெரிய டம்ளரில் 30 கிராம் சர்க்கரை இருக்கும். நுங்கு தாராளமாகச் சாப்பிடலாம். பந்தியில் தரும் 250 மில்லி குளிர்பானத்தில் 26 கிராம் சர்க்கரை. இதையெல்லாம்விட நைசாக ஏமாற்றுவது பத்திரிகை வைக்கப் போகும் நாள்: ஐந்து வீடு, ஐந்து டீ, டீக்கு 2 ஸ்பூன் என்றால் 50 கிராம் சர்க்கரை. முதல் வீட்டில் டீ, மற்ற வீடுகளில் தண்ணீர்.

நோன்பு மாதம்

பகல் முழுக்கச் சாப்பிடாமல் இருந்தும் நோன்பில் எடை கூடுகிறதே என்று கேட்பவர்கள் உண்டு. காரணம் நோன்பு திறக்கும் அந்தப் பத்து நிமிடம். பேரீச்சம்பழம், கஞ்சி, வடை, சமோசா, சர்பத் எல்லாம் ஒரே விரிப்பில் முன்னால் இருக்கும். கஞ்சியில் குறை இல்லை. அரிசி, பருப்பு, கொஞ்சம் கறி, வெந்தயம் என்று நல்ல கலவை. 2 பேரீச்சம்பழம், தண்ணீர், ஒரு கிண்ணம் கஞ்சி, அத்தோடு எழுந்து மஃரிப் தொழுதுவிட்டு வாருங்கள். பொரித்தது அதுவரை விரிப்புக்கே வர வேண்டாம். தொழுதுவிட்டு வரும்போது வேகம் தணிந்திருக்கும், ஒரு வடையோடு நிறுத்த முடியும். சஹரை (விடியலுக்கு முந்தைய சாப்பாட்டை) விடுவது இன்னொரு தவறு. மறுநாள் மாலை அதற்கு வட்டியோடு வாங்கிக்கொள்ளும்.

சர்க்கரை நோயாளிகள் நோன்புக்கு முன்பே மருத்துவரிடம் மாத்திரை அளவை மாற்றிக்கொள்ள வேண்டும். ரத்தச் சர்க்கரை 70க்குக் கீழே போனாலோ 300ஐத் தாண்டினாலோ நோன்பைத் திறந்துவிட வேண்டும்.

‘டயட்டில் இருக்கேன்’ என்று அறிவிப்பது

சொன்ன நிமிடமே பந்தி பட்டிமன்றம் ஆகிவிடும். ஒருவர் கிராம்பு கலந்த வெந்நீர் சொல்வார், இன்னொருவர் ‘இளைச்சுப் போயிட்டியே’ என்று இன்னும் ஒரு துண்டு வைப்பார். ‘சுகர்’ என்று பொய் சொன்னால் அடுத்த கல்யாணத்துக்குள் ஊர் முழுக்கப் பரவிவிடும், பெண் பார்க்கிற வீடுவரை போகும். ‘போதும்’ என்பதும் நம் ஊரில் மறுப்பாகாது, இன்னும் உபசரிக்கச் சொல்வதாகத்தான் எடுத்துக்கொள்வார்கள்.

வேலை செய்வது இதுதான்: இலை ஒருபோதும் காலியாக இருக்கக் கூடாது. முதலில் கொஞ்சமாக வாங்கி மெதுவாகச் சாப்பிட்டுக்கொண்டே இருங்கள். கரண்டி நெருங்கும்போது கையை இலைக்கு மேலே காட்டி ‘இப்பத்தான் வச்சீங்க மாமி, இது முடியட்டும்’ என்றால் அவர் அடுத்த இலைக்குப் போய்விடுவார். திரும்பி வருவதற்குள் நீங்கள் மோருக்கு வந்திருக்கலாம். உபசரிப்பவர் எதிர்பார்ப்பது பாராட்டைத்தான், அதில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்.

மறுநாள் காலை தராசில் ஏறுவது

விருந்துக்கு மறுநாள் 1 அல்லது 2 கிலோ கூடித் தெரியும். அது கொழுப்பு இல்லை. ஒரு கிலோ கொழுப்பு சேர ஏறக்குறைய 7,700 கலோரி உபரியாக வேண்டும், எந்தப் பந்தியிலும் அவ்வளவு சாப்பிட முடியாது. மாவுச்சத்து உடம்பில் கிளைக்கோஜனாகச் சேரும்போது ஒவ்வொரு கிராமும் 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைக்கும். தால்ச்சா, ஊறுகாய், கருவாட்டு உப்பும் தண்ணீரை நிறுத்தும். மூன்று, நான்கு நாளில் தானாக இறங்கிவிடும். அதுவரை பொறுக்காமல் பயந்து மறுநாள் பட்டினி கிடந்து, சாயங்காலம் புரோட்டாக் கடையில் போய் நிற்பவர்கள்தான் அதிகம். ஐந்து கிலோமீட்டர் நடந்து கரைத்துவிடலாம் என்பதும் ஆகாது. 70 கிலோ உள்ளவருக்கு அந்த நடையில் 250, 300 கலோரிதான் போகும். வழக்கமான சாப்பாடு, வழக்கமான நடை, நிறையத் தண்ணீர். நான்காம் நாள் காலை எடை பாருங்கள்.

வீட்டுக்கு வரும் பார்சல்

தூக்குவாளியில் வரும் பிரியாணி, கந்தூரி நார்சா (நேர்ச்சைச் சோறு), கிடாவெட்டுப் பங்கு. நார்சாவை மறுக்கக் கூடாது, ஆனால் ஒரு கை அளவில் நேர்ச்சை நிறைவேறிவிடும். மீதியை உடனே பக்கத்து வீடுகளுக்குப் பகிருங்கள். இந்த வெயிலில் சமைத்த சோறு வெளியே 2 மணி நேரத்துக்கு மேல் இருந்தால் கெடுதல் செய்யும் கிருமி அதில் பெருகும், சூடாக்கினாலும் அது விட்ட நஞ்சு போகாது. மத்தியானம் 12 மணிக்குத் தம் உடைத்த பிரியாணியை ராத்திரி 9 மணிக்குச் சாப்பிடுவதில் எடையைவிடப் பெரிய ஆபத்து அதுதான்.

பக்ரீத் கறி வேறு கணக்கு. அது ஒரு வாரம், பத்து நாள் ஓடும். வந்த அன்றைக்கே வெள்ளைக் கொழுப்பை வெட்டி எடுத்துவிட்டு, வீட்டு ஆளுக்கு 100 கிராம் என்று கணக்கிட்டு ஒரு வேளைக்கு ஒரு பொட்டலமாகக் கட்டி ஃப்ரீசரில் வையுங்கள். ஒரே பெரிய பையாக வைத்தால் எடுக்கும்போது மொத்தமும் இளகி, மொத்தத்தையும் சமைக்க வேண்டிவரும். குழம்பை முதல் நாளே வைத்து, ஆறியதும் ஃப்ரிட்ஜில் வைத்தால் கொழுப்பு மேலே வெள்ளையாக உறைந்து நிற்கும். மறுநாள் சூடாக்கும் முன் அதைக் கரண்டியால் வழித்து எடுத்துவிடலாம். ஒரு மேஜைக்கரண்டி அளவு எடுத்தாலே 110 கலோரிக்கு மேல் வெளியே போகும். குழம்பின் ருசி மசாலாவிலும் எலும்புச் சாற்றிலும் அப்படியே இருக்கும்.