ஸ்பானிஷில் 'எனக்குப் பிடிக்கும்' என்று சொல்வது எப்படி?

ஸ்பானிஷ் படிக்க ஆரம்பித்தவர்களைச் சீக்கிரமே குழப்பும் வினைச்சொல் குஸ்தார். பிடித்திருப்பதைச் சொல்ல உதவும் வினை இது. ஆங்கிலம் வழியாகச் சொல்லிக்கொடுக்கும் பாடங்கள் இதைத் தலைகீழ் வினை என்று அறிமுகப்படுத்தி, பக்கம் பக்கமாக விளக்கும். ஆங்கிலத்தில் விரும்புகிறவர்தான் எழுவாய், அதனால் அவர்களுக்கு இது தலைகீழ். நமக்கு அந்தச் சுற்றுவழி தேவையே இல்லை. 'எனக்குக் காபி பிடிக்கும்' என்றுதானே சொல்கிறோம்? ஸ்பானிஷிலும் அப்படியேதான்:

மே குஸ்தா எல் கஃபே.

மே என்றால் எனக்கு, குஸ்தா என்றால் பிடிக்கும், எல் கஃபே என்றால் காபி. காபிதான் எழுவாய், நான் நான்காம் வேற்றுமையில் நிற்கிறேன். இந்த வினையைப் பழகும்வரை ஆங்கிலத்தை ஓரமாக வைத்துவிட்டுத் தமிழிலிருந்து நேராகப் போங்கள்.

உச்சரிப்பு: குஸ்தாவில் வரும் கு, 'குரு'வில் வரும் கு. தா, 'தாத்தா'வின் முதல் எழுத்து.

படி 1: யாருக்கு?

மே – எனக்கு
தே – உனக்கு
லே – அவனுக்கு, அவளுக்கு, அவருக்கு. மரியாதையாக ஒருவரிடம் பேசும்போது உங்களுக்கு
நோஸ் – நமக்கு, எங்களுக்கு
ஓஸ் – உங்களுக்கு (ஸ்பெயினில், நெருக்கமான பலரிடம்)
லேஸ் – அவர்களுக்கு

லத்தீன் அமெரிக்காவில் ஓஸ் புழக்கத்தில் இல்லை. அங்கே பலரைப் பார்த்து 'உங்களுக்கு' என்று சொல்லவும் லேஸ்தான்.

படி 2: ஒன்றா, பலவா?

இந்த இடத்தில்தான் கவனம் வேண்டும். பிடித்த பொருள் ஒன்றானால் குஸ்தா, பலவானால் குஸ்தான்.

மே குஸ்தா எல் லிப்ரோ – எனக்கு அந்தப் புத்தகம் பிடிக்கும்.
மே குஸ்தான் லோஸ் லிப்ரோஸ் – எனக்குப் புத்தகங்கள் பிடிக்கும்.

தமிழில் இரண்டுக்குமே 'பிடிக்கும்' என்பதால் குஸ்தான் மறந்துபோகும். ஆனால் இறந்தகாலத்துக்கு மாற்றிப் பாருங்கள்: 'படம் பிடித்தது', 'படங்கள் பிடித்தன'. எழுத்துத் தமிழிலும் வினை எழுவாயோடு சேர்ந்து மாறத்தான் செய்கிறது. ஸ்பானிஷில் அதே ஜோடி, மே குஸ்தோ லா பெலிக்குலா, மே குஸ்தாரோன் லாஸ் பெலிக்குலாஸ். குஸ்தாவா குஸ்தானா என்று சந்தேகம் வந்தால், தமிழ் வாக்கியத்தை மனதுக்குள் இறந்தகாலத்தில் சொல்லிப் பாருங்கள். 'பிடித்தன' வந்தால் குஸ்தான்.

ஒரு செயல் பிடிக்கும் என்றால் வினையின் மூல வடிவத்தை அப்படியே போடலாம். மே குஸ்தா லேயேர், எனக்கு வாசிக்கப் பிடிக்கும். செயல்கள் இரண்டானாலும் குஸ்தா மாறாது: மே குஸ்தா கான்தார் இ பைலார், எனக்குப் பாடவும் ஆடவும் பிடிக்கும்.

அப்புறம், பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும் எல், லா, லோஸ், லாஸ். தமிழில் இப்படி எதுவும் இல்லாததால் விட்டுவிடத் தோன்றும். மே குஸ்தா கஃபே என்றால் புரியும், ஆனால் தவறு.

படி 3: ஆளின் பெயர் சொல்ல

ஆ ஆனா லே குஸ்தா எல் தே – ஆனாவுக்கு டீ பிடிக்கும்.

பெயருக்கு முன்னால் ஆ வரும். பெயர் சொல்லியாகிவிட்டதே என்று லேயை விடக்கூடாது. 'ஆனாவுக்கு, அவளுக்கு' என்று இரண்டு முறை சொல்வது போலத் தோன்றினாலும் ஸ்பானிஷுக்கு அது வேண்டும்.

அழுத்திச் சொல்ல, ஆ மீ மே குஸ்தா. 'எனக்கும்' என்று ஒத்துப்போக ஆ மீ தம்பியேன். ஒருவர் பிடிக்காது என்று சொல்லி, நீங்களும் 'எனக்கும்தான் பிடிக்காது' என்றால் ஆ மீ தாம்ப்போக்கோ. இந்தப் பதில்களில் வினையே வேண்டாம்.

படி 4: எவ்வளவு?

பிடிக்காது என்பதற்கு முன்னால் நோ சேர்த்தால் போதும்: நோ மே குஸ்தா. சுத்தமாகப் பிடிக்காது, நோ மே குஸ்தா நாதா. ரொம்பப் பிடிக்கும், மே குஸ்தா முச்சோ. அதற்கும் மேலே மே என்கான்தா. இதிலேயே 'ரொம்ப' அடங்கியிருப்பதால் கூடவே முச்சோ போடாதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. ஒருவரிடம் நேராக மே குஸ்தாஸ் (எனக்கு உன்னைப் பிடிக்கும்) என்றால் பெரும்பாலும் காதல் தொனி வந்துவிடும். 'அவர் நல்ல மனுஷர், எனக்குப் பிடிக்கும்' என்ற பொருளில் சொல்ல மே காயே பியேன் என்பதே பாதுகாப்பு.

படி 5: இதைவிட அது

ப்ரெஃபெரிர் என்ற வினையில் இலக்கணம் மாறுகிறது. இங்கே 'எனக்கு' இல்லை, 'நான்'தான் எழுவாய். ப்ரெஃபியேரோ (நான்), ப்ரெஃபியேரெஸ் (நீ), ப்ரெஃபியேரே (அவர்). 'நாம்' வரும்போது நடுவிலுள்ள 'யே' ஒலி போய் ப்ரெஃபெரிமோஸ் ஆகும். அவர்கள் என்றால் மறுபடி ப்ரெஃபியேரென்.

ப்ரெஃபியேரோ எல் தே அல் கஃபே – காபியைவிட டீதான் எனக்கு இஷ்டம்.

'விட' என்ற வேலையைச் செய்வது அல். ஆவும் எல்லும் சேர்ந்த வடிவம் அது.

எல்லாவற்றையும் சேர்த்துப் பழக ஸ்பெயினிலேயே நல்ல விஷயம் ஒன்று இருக்கிறது. தோர்த்தீயா என்றால் மெக்சிகோவில் ரொட்டி. ஸ்பெயினில் உருளைக்கிழங்கும் முட்டையும் சேர்த்த தடித்த ஆம்லெட். அதில் வெங்காயம் போடலாமா கூடாதா என்பது அங்கே தீராத வாக்குவாதம். வெங்காயம், செபோயா. ஸ்பெயினின் பெரும்பகுதியில் தெபோயா என்பது போல ஒலிக்கும். கோன் என்றால் சேர்த்து, சின் என்றால் இல்லாமல்.

– தே குஸ்தா லா தோர்த்தீயா கோன் செபோயா?
– சி, மே என்கான்தா. இ ஆ தி?
– ஆ மீ நோ. லா ப்ரெஃபியேரோ சின் செபோயா.

'உனக்கு வெங்காயம் போட்ட தோர்த்தீயா பிடிக்குமா?' 'ஆமாம், ரொம்பப் பிடிக்கும். உனக்கு?' 'எனக்குப் பிடிக்காது. வெங்காயம் இல்லாமல் சாப்பிடத்தான் இஷ்டம்.' கடைசி வரியில் உள்ள லா, 'அதை'. தோர்த்தீயாவுக்குப் பதில் கஃபேயையும் செபோயாவுக்குப் பதில் சர்க்கரையையும், அதாவது அஸூக்காரையும், வைத்து இதே உரையாடலைச் சொல்லிப் பாருங்கள். கஃபே ஆண்பால் என்பதால் அப்போது லா, லோ ஆகிவிடும்.