மூலையில் கிடந்த மஞ்சள் முனைப் பார்

தருமபுரியில் உடற்பயிற்சிக் கூடத்தில் சேர்ந்த பின்பும், ஆண்கள் சூழ்ந்து நிற்கும் எடைப் பகுதிக்குப் போகத் தயங்கி, டிரெட்மில்லிலேயே நேரத்தைக் கழித்து வந்தேன். கூட்டமில்லாத மதிய வேளையில் போய்ப் பார்த்தேன். நாத்தனாரைத் துணைக்கு அழைத்துச் சென்றேன். வேறு யாருமே இல்லாதபோதும் பார் (எடைத் தட்டுகளை மாட்டித் தூக்கும் இரும்புக் கம்பி) கையிலிருந்து நழுவியது. கையுறையோ பிடியை இன்னும் தடிமனாக்கியது.

பயிற்சியாளரிடம் விசாரித்த பிறகே, மூலையில் சாத்தியிருந்த மெல்லிய பார் பெண்களுக்கானது என்று தெரிந்தது. ஆண்களுக்கான ஒலிம்பிக் பார் 20 கிலோ எடையும் கைப்பிடியில் 28 மி.மீ. விட்டமும் கொண்டது, இதுவோ 15 கிலோ, 25 மி.மீ. தட்டு மாட்டும் முனை இரு பார்களிலும் 50 மி.மீ. என்பதால் அதே தட்டுகளே பொருந்துகின்றன. விரல்கள் முழுதாகச் சுற்றிப் பிடித்ததும் பயம் விட்டது. போட்டி விதிப்படி செய்யப்பட்ட பாரில் மஞ்சள் அடையாளம் பெண்களுக்கு, நீலம் ஆண்களுக்கு. எங்கள் கூடத்தில் அந்த மஞ்சளைத் தூசி மறைத்திருந்தது.