'லேடி பிராக்னெல் கர்வம் பிடித்தவர்' என்று எழுதினால் மதிப்பெண் வராது

இளங்கலை ஆங்கில இலக்கியம் படிக்கும் பிள்ளைகளுக்குத் தேர்வு நேரத்தில் பாடம் சொல்லித் தருகிறேன். ஆஸ்கார் வைல்டின் 'தி இம்பார்ட்டன்ஸ் ஆஃப் பீயிங் எர்னஸ்ட்' வந்துவிட்டால், வருடா வருடம் ஒரே மாதிரி விடைகள்தான். நானும் மாணவனாக இருந்தபோது அப்படித்தான் எழுதினேன். பெயரைத் தப்பாக எழுதுவது, நேரம் போதாமல் போவது எல்லாம் உங்களுக்கே தெரியும். அதற்குள் போகவில்லை.

அடைமொழிகளை அடுக்குவது

"லேடி பிராக்னெல் கர்வம் பிடித்தவர், பணத்தாசை உள்ளவர், போலி கௌரவம் பார்ப்பவர்." கைடிலும் இதுதான், விடைத்தாளிலும் இதுதான். ஒரு சொல்கூடப் பொய்யில்லை. ஆனாலும் இதைப் படிக்கும்போது இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வருகிறது. வகுப்பில் இந்த நாடகத்தைப் படித்து விழுந்து விழுந்து சிரித்த பிள்ளைகள்தான் இப்படி எழுதுகிறார்கள். எந்த இடத்தில் சிரித்தார்கள் என்பது தாளில் எங்கேயும் இருப்பதில்லை.

இரண்டாம் ஆண்டில் 15 மதிப்பெண் கேள்விக்கு இதே மாதிரி மூன்று பக்கம் எழுதினேன். 6 கிடைத்தது. பேராசிரியரிடம் போய்க் கேட்டேன். முதல் அங்கத்தில் மேல்தட்டுச் சீமாட்டியான லேடி பிராக்னெல், தன் மகளைக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்கும் ஜாக்கை விசாரிக்கும் இடத்தைத் திறந்து காட்டி, "அந்த அம்மா கேட்கிற கேள்விகளை மட்டும் வரிசையாக எழுதிக்கொண்டு வா" என்றார். வேறெதுவும் சொல்லவில்லை.

எழுதினேன். புகை பிடிப்பீர்களா? வயது என்ன? எல்லாம் தெரியுமா, ஒன்றுமே தெரியாதா? வருமானம் எவ்வளவு? நிலத்திலா, முதலீட்டிலா? லண்டனில் வீடு உண்டா? எந்தக் கட்சி? இதெல்லாம் முடிந்த பிறகு, "இனிச் சின்ன விஷயங்களுக்கு வருவோம்" என்று சொல்லிவிட்டு, பெற்றோர் உயிரோடு இருக்கிறார்களா என்று கேட்கிறார். கையில் குறிப்புப் புத்தகமும் பென்சிலும் இருக்கின்றன. பையன் நல்லவனா, மகளை நன்றாக வைத்துக்கொள்வானா என்ற கேள்வி அந்தப் பட்டியலில் இல்லவே இல்லை. கடைசியில் 'சின்ன விஷயம்' என்று ஒதுக்கியதில்தான் சம்பந்தமே முறிகிறது. விக்டோரியா ரயில் நிலைய க்ளோக் ரூமில் (பயணிகள் சாமான்களை வைத்துவிட்டுப் போகும் அறை), ஒரு கைப்பைக்குள் கிடைத்த குழந்தை ஜாக்.

அங்கதம் அந்த வரிசையில் இருக்கிறது. மேல்தட்டுக் குடும்பம் எதை முதலில் வைக்கிறது, எதைக் கடைசிக்குத் தள்ளுகிறது என்பதை ஒரு தாயின் வாயாலேயே வைல்டு சொல்ல வைத்துவிடுகிறார்.

அப்புறம் மூன்றாம் அங்கத்துக்கு வாருங்கள். ஜாக்கின் பொறுப்பில் வளரும் செசிலியைக் கட்டிக்கொள்ள லேடி பிராக்னெலின் உறவுக்காரப் பையன் அல்ஜெர்னன் ஆசைப்படுகிறான். அவளுக்கு 1,30,000 பவுண்டு சொத்து இருப்பதாக ஜாக் சொல்கிறான். கிளம்பத் தயாராக நின்ற லேடி பிராக்னெல் மறுபடி உட்காருகிறார். இப்போது பார்த்தால் பெண் ரொம்ப அழகாகத் தெரிகிறாளாம். அவர் உட்காருவதை எழுதிவிட்டால் 'பணத்தாசை' என்ற சொல்லே வேண்டியதில்லை. தன் கல்யாணத்தின்போது தன்னிடம் எந்தச் சொத்தும் இல்லை என்றும், அது தனக்குத் தடையாக இருக்க விடவில்லை என்றும் அதே காட்சியில் அவரே சொல்கிறார். வெளியிலிருந்து உள்ளே வந்த ஒருவர்தான் இப்போது வாசலில் நின்று ஜாக்கைத் தடுக்கிறார். இந்த ஒரு புள்ளியைத் தொட்ட விடைத்தாளை நான் பார்த்ததே அபூர்வம்.

வசனத்தைத் தனியே பிடுங்குவது

'உண்மை தூய்மையாக இருப்பது அரிது, எளிமையாக இருப்பதே இல்லை' என்ற வரியை எழுதி, "என்கிறார் வைல்டு" என்று முடிக்கிறார்கள். சொல்வது ஜாக்கின் நண்பன் அல்ஜெர்னன். நாட்டுப்புறத்தில் ஒரு பெயர், லண்டனில் ஒரு பெயர் என்று தான் வாழ்வதை ஜாக் அப்போதுதான் ஒப்புக்கொள்கிறான். ஒப்புக்கொண்ட கையோடு, "இதுதான் தூய, எளிய உண்மை" என்கிறான். அவன் சொல்லையே எடுத்து அல்ஜெர்னன் அவன் மீது திருப்புகிறான். யார், யாரிடம், எதற்குப் பதிலாகச் சொன்னார் என்ற மூன்றும் இல்லாவிட்டால் அது காலண்டர் பொன்மொழிதான்.

வேலைக்காரரை விட்டுவிடுவது

அத்தை லேடி பிராக்னெலுக்கென்று செய்து வைத்த வெள்ளரிக்காய் சாண்ட்விச்சை அல்ஜெர்னனே தின்று தீர்த்துவிடுகிறான். அத்தை வந்ததும் தட்டைப் பார்த்துத் திகைப்பதுபோல நடிக்கிறான். சந்தையில் வெள்ளரிக்காயே இல்லை, இரண்டு தடவை போனேன், ரொக்கம் கொடுத்தாலும் கிடைக்கவில்லை என்கிறார் வேலைக்காரர் லேன். அந்த 'ரொக்கம்' என்ற சொல்லைக் கவனியுங்கள். அந்த வீட்டில் வழக்கமாக எப்படிச் சாமான் வாங்குவார்கள் என்பது அதிலேயே தெரிந்துவிடுகிறது.

கதைச் சுருக்கம்

வேண்டாம். திருத்துபவருக்குக் கதை தெரியும்.

வைல்டின் வாழ்க்கை

1895 பிப்ரவரி 14-இல் அரங்கேற்றம், ஏப்ரலில் கைது. கேள்வியில் கேட்டிருந்தால் மட்டும் எழுதுங்கள்.

மனதுக்குள்ளேயே படிப்பது

இரண்டு பேராக உட்கார்ந்து, ஒருவர் ஜாக், ஒருவர் லேடி பிராக்னெல் என்று வைத்துக்கொண்டு அந்த விசாரணையைச் சத்தமாக வாசித்துப் பாருங்கள். 'கைப்பையா?' என்று கேட்பதற்கு முன்னால் எவ்வளவு நேரம் நிறுத்த வேண்டும் என்பது அங்கே வரும்போது உங்களுக்கே தெரிந்துவிடும்.