நீர்க்கடுப்புக்கு மக்காச்சோள நார்: என் அனுபவம்

கோடையில் பாபநாசம் பக்கம் உளுந்து வயலில் நின்றாலே எனக்கு நீர்க்கடுப்பு வந்துவிடும். சிறுநீர்ப் பரிசோதனையில் கிருமித் தொற்று இல்லை. தண்ணீர் போதவில்லை என்றார் டாக்டர். அப்புறம்தான் அக்கா சொன்ன மக்காச்சோள நார்க் கஷாயம்.

பூச்சிமருந்து தெளிக்காத கதிராக இருப்பது முக்கியம். தோகையை உரித்தால் உள்ளே இளம்பச்சையும் பொன்னிறமுமாக, லேசான பிசுபிசுப்போடு பட்டு நூல் மாதிரி நார் இருக்கும். கருத்த நுனியைக் கிள்ளிவிட்டு, அலசி, ஒரு கைப்பிடியை இரண்டு டம்ளர் தண்ணீரில் கொதிக்கவிட்டு வடிகட்டினேன். அவித்த சோள வாசனை, மெல்லிய இனிப்பு. கூடவே நீர்மோரும் தண்ணீரும் நிறையக் குடித்தேன். எரிச்சல் அடங்கியது, தண்ணீருக்கும் அதில் பெரிய பங்கு உண்டு என்றே நினைக்கிறேன்.

இந்தக் கஷாயம் சிறுநீரைப் பெருக்கும். ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் குறைக்கக்கூடும். அதனால் பிரஷர், சுகர் மாத்திரையோ, நீர் பிரிய மாத்திரையோ, ரத்தம் உறையாமலிருக்க மருந்தோ எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொட வேண்டாம். பொட்டாசியம் குறைவானவர்களும் அப்படித்தான். கர்ப்பிணிகளும் சோள ஒவ்வாமை உள்ளவர்களும் தவிர்த்துவிடுங்கள். காய்ச்சல், முதுகு வலி, சிறுநீரில் ரத்தம் என்றால் கஷாயம் வைத்துக்கொண்டிருக்காதீர்கள், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.