கச்சேரி லைட்டை ஒயர்லெஸ் மிடியில் நாமே மாற்றுவது எப்படி

சின்ன ட்ரூப்புக்குத் தனியாக லைட் ஆபரேட்டர் வைக்கக் கட்டுப்படியாகாது. வாடகை லைட்டோடு வருபவர் பார் லைட்டுகளை (நிறம் மாறும் மேடை லைட்டுகளை) ஆட்டோ மோடில் போட்டுவிட்டுச் சாப்பிடப் போய்விடுவார், நாம் தாலாட்டு பாடிக்கொண்டிருப்போம், பின்னால் பச்சையும் சிவப்பும் மாறி மாறிக் குதித்துக்கொண்டிருக்கும். கீபோர்டுகாரர் காலடியில் நாலு பட்டன் பெடல் ஒன்றை வைத்து இதைச் சரிசெய்யலாம்.

மிடி என்பது இசைக்கருவிகள் ‘இந்தப் பட்டன் அழுத்தப்பட்டது’ என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லும் மொழி, டிஎம்எக்ஸ் என்பது மேடை லைட்டுகளுக்குக் கட்டளை கொடுக்கும் சிக்னல். வேண்டியவை: புளூடூத் மிடி பெடல் (எம்-வேவ் சாக்லேட் மாதிரி), லேப்டாப், அதில் லைட்டைக் கட்டுப்படுத்தும் க்யூஎல்சி பிளஸ் என்ற இலவச மென்பொருள், யுஎஸ்பியில் செருகும் டிஎம்எக்ஸ் பெட்டி ஒன்று, கேபிள். ஆக்டோபேட் (எலெக்ட்ரானிக் டிரம் பேட்) மாதிரி ஐந்து பின் மிடி அவுட் உள்ள கருவி ஏற்கெனவே இருந்தால் பெடல்கூட வேண்டாம், யமஹா எம்டி-பிடி01 அல்லது சிஎம்இ-யின் விடி மாஸ்டர் போன்ற புளூடூத் அடாப்டரை அதில் செருகினால் போதும்.

ஒயர்லெஸ் என்பது பெடலுக்கும் லேப்டாப்புக்கும் நடுவில் மட்டும்தான், லேப்டாப்பிலிருந்து லைட்டுக்குக் கேபிளே போகட்டும். டிஎம்எக்ஸ் தன் 512 சேனல்களின் (சிவப்பு, பச்சை, பிரகாசம் என ஒவ்வொன்றுக்கும் ஒரு சேனல்) மதிப்புகளையும் நொடிக்கு ஏறக்குறைய 44 முறை ஓயாமல் அனுப்பிக்கொண்டே இருக்கும், மலிவான ஒயர்லெஸ் பெட்டியில் அது தடுமாறினால் லைட் துடிக்கும். மிடியில் ஒரு மிதிக்கு மூன்று பைட் போனால் வேலை முடிந்தது. இதே காரணத்துக்காகத்தான் மெதுவாக ஏறி இறங்கும் ஃபேடைக் காற்றில் அனுப்பாதீர்கள் என்கிறேன். ‘எந்த சீன்’ (முன்பே சேமித்து வைத்த லைட் அமைப்பு) என்பதை மட்டும் பெடல் சொல்லட்டும், எத்தனை நொடியில் ஏற வேண்டும் என்பது சீனுக்குள்ளேயே இருக்கட்டும்.

நான் முதலில் செய்த தப்பு ஃபிளாஷ் முறை. மிதித்திருக்கும்வரை சிவப்பு எரியும், காலை எடுத்தால் அணையும். ஒரு கல்யாண ரிசப்ஷனில் மிதித்த செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது, காலை எடுக்கும் நேரத்தில் இணைப்பு அறுந்துவிட்டது. மணமக்கள் ஒரு முழு மெலடிக்கும் ரத்தச் சிவப்பில் நின்றார்கள். அதிலிருந்து, காலை எடுப்பதை நம்பியிருக்கும் எதையும் ஒயர்லெஸ்ஸில் வைப்பதில்லை.

சரி, அமைப்புக்கு வருவோம். நாலு பார் லைட், ஒவ்வொன்றும் ஏழு சேனல் என்றால் அவற்றில் வைக்க வேண்டிய தொடக்க சேனல் முகவரிகள் 1, 8, 15, 22. நாலும் ஒரே மாதிரி எரிந்தால் போதுமென்றால் எல்லாவற்றுக்கும் 1 வைத்துவிட்டு நேரத்தை மிச்சப்படுத்துங்கள். கடைசி லைட்டில் 120 ஓம் டெர்மினேட்டர் (சிக்னல் திரும்பி எதிரொலிக்காமல் தடுக்கும் செருகி) செருகுங்கள். க்யூஎல்சி பிளஸ்ஸில் லைட்டுகளைச் சேர்த்து, மெலடி, குத்து, சோலோ, பேச்சு என்று நாலு சீன் செய்து, வர்ச்சுவல் கன்சோலில் (திரையிலேயே இருக்கும் பட்டன் பலகை) ஒரு சோலோ ஃப்ரேமுக்குள் நாலு டாகிள் பட்டன் (ஒரு மிதிக்கு எரியும், மறு மிதிக்கு அணையும்) வையுங்கள். சோலோ ஃப்ரேமுக்குள் ஒரு பட்டன் எரிந்தால் மற்றது தானாக அணைந்துவிடும். பெடலை இன்புட்டாகத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொரு பட்டனிலும் ஆட்டோ டிடெக்ட் அழுத்திவிட்டு உரிய பெடலை மிதித்தால் அதுவே பிடித்துக்கொள்ளும்.

ஒரு சிக்கல் உண்டு. பதற்றத்தில் ஒரே பெடலை இரண்டு முறை மிதித்தால் சீன் அணைந்து மேடை இருட்டாகும். அதனால் ஒரு ஸ்லைடரில் மஞ்சள் கலந்த மங்கல் வெளிச்சத்தைச் சுமார் 15 சதவீதத்தில் நிரந்தரமாக வைத்துவிடுங்கள். பிரகாச சேனல்களில் எது கூடுதலோ அதுதான் ஜெயிக்கும் என்பதால் சீன் வரும்போது பெரும்பாலும் அது தெரியாது.

விண்டோஸ்காரர்களுக்கு ஒரு தலைவலி இருக்கிறது. புளூடூத் மிடி ஜோடி சேர்ந்துவிட்டதாகக் காட்டும், ஆனால் பல மென்பொருள்களின் பட்டியலில் வராது. மிடிபெர்ரி, லூப்மிடி என்ற இரண்டு மென்பொருள்களையும் போட்டு வளைத்துக் கொண்டுவரலாம், ஆனால் விடி பட் புரோ போன்ற யுஎஸ்பி ரிசீவர் வாங்குவதே நிம்மதி, லேப்டாப் அதைச் சாதாரண யுஎஸ்பி மிடியாகத்தான் பார்க்கும். மேக்கில் ஆடியோ மிடி செட்டப்புக்குள் போய் இணைக்க வேண்டும். இரண்டிலும் பெடல் கண்ணிலேயே படவில்லையென்றால், அதை அமைக்கப் பயன்படுத்திய போன் இன்னும் பிடித்துவைத்திருக்கிறதா என்று பாருங்கள். பத்தில் எட்டு முறை அதுதான்.

சவுண்ட் செக்கில் எல்லாம் அருமையாக வேலை செய்யும், நம்பாதீர்கள். அப்போது மண்டபம் காலி. புளூடூத் ஓடுவது 2.4 கிகாஹெர்ட்ஸில், அதே அலைவரிசையில் வைஃபையும் கூட்டத்தின் போன்களும் இருக்கும், போதாததற்கு மனித உடம்பே அந்த அலையை உறிஞ்சும். ரிசீவரை யுஎஸ்பி எக்ஸ்டென்ஷன் கேபிளில் தலைக்கு மேலே ஸ்டாண்டில் கட்டுங்கள், நீல நிற யுஎஸ்பி 3 போர்ட்டில் ஹார்டு டிஸ்க் ஓடினால் அதன் பக்கத்தில் வைக்காதீர்கள், அதுவும் அங்கேயே இரைச்சல் போடும். தாமதத்தைப் பற்றிக் கவலை வேண்டாம், புளூடூத்தில் சில மில்லிநொடி, டிஎம்எக்ஸில் ஒரு சுற்றுக்கு 23 மில்லிநொடி, கண்ணுக்குத் தெரியாது.

ஜெனரேட்டர் மாறும் நேரத்துக்கும் தயாராக இருங்கள். சிக்னல் நின்றால் லைட் கடைசி நிறத்தில் நிற்க வேண்டுமா, அணைய வேண்டுமா, ஆட்டோவில் ஆட வேண்டுமா என்பது பல லைட்டுகளின் மெனுவில் இருக்கும், முன்பே பார்த்து வையுங்கள். லேப்டாப் தூங்காமலிருக்கும்படி ஸ்லீப்பை நிறுத்துங்கள். அப்புறம், அதே நாலு பட்டன்களுக்கும் லேப்டாப் கீபோர்டில் 1, 2, 3, 4 என்று சாவி கொடுத்து, பிளாக்அவுட்டை (எல்லா லைட்டையும் அணைப்பது) ஸ்பேஸ் பாரில் வைத்து, லேப்டாப் பக்கத்தில் உட்காரும் தபேலாக்காரரிடம் காட்டிவிடுங்கள். பெடல் செத்தால் அவர்தான் லைட்மேன்.