நிறத்தைக் கருவியில் அளக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரே பிளாஸ்டிக் மூடி. செய்து அனுப்பியவர்கள் அளந்தபோது நிற வேறுபாடு, அதாவது டெல்டா ஈ, 0.4. வாங்கியவர்கள் அளந்தபோது அதே வேறுபாடு 2-ஐத் தாண்டியது. இரண்டு பக்கமும் நல்ல கருவிதான், பழகிய கைகள்தான். ஒரு வாரம் மின்னஞ்சல்கள் பறந்தன, ஒரு லாட் முழுக்கத் தேங்கி நின்றது. கடைசியில் இரண்டு கருவிகளையும் ஒரே மேசையில் வைத்துப் பார்த்தபோது விஷயம் புரிந்தது. ஒன்று பரப்பின் பளபளப்பைச் சேர்த்து அளந்துகொண்டிருந்தது, மற்றது அதை விலக்கி அளந்தது. ஒப்பிட வைத்திருந்த மூல மாதிரி வழவழவென்று இருந்தது. புதிய மூடியின் பரப்பு கொஞ்சம் மங்கல். சாயக் கலவையில் குறையே இல்லை, சரிசெய்ய வேண்டியது மூடியை வார்க்கும் அச்சின் பரப்பை.

அந்த மேசைக்குப் பக்கத்தில் நானும் நின்றிருந்தேன். அன்றிலிருந்து யார் ஒரு நிற எண்ணைச் சொன்னாலும், எப்படி அளந்தீர்கள் என்றுதான் முதலில் கேட்கிறேன். கையடக்கக் கருவி தருவது ஒரு குறிப்பிட்ட ஒளியில், ஒரு குறிப்பிட்ட கோணத்தில், ஒரு குறிப்பிட்ட நிலையில் இருந்த மாதிரியின் அளவை. இவற்றில் ஒன்று மாறினாலும் எண் மாறும். கருவியில் கோளாறு என்று எழும் புகார்களில் பெரும்பாலானவை இங்கேதான் வந்து முடிகின்றன.

அமைப்பைப் பார்க்காமல் பொத்தானை அழுத்துவது

நிறத்தைச் சொல்லும் சிஐஈ லேப் எண்கள் மூன்றும் (எல் ஒளிர்வு, ஏ சிவப்பு-பச்சை, பி மஞ்சள்-நீலம்) கணக்குப் போட்டு வருபவை. ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர் மாதிரியிலிருந்து திரும்பும் ஒளியை, பொதுவாக 400 முதல் 700 நானோமீட்டர் வரை 10 நானோமீட்டருக்கு ஒன்றாக, 31 புள்ளிகளில் அளக்கிறது. அதிலிருந்து லேப் எண்ணுக்குப் போக ஒரு ஒளிமூலமும் ஒரு பார்வையாளர் கோணமும் (பார்ப்பவர் கண்ணில் நிறப்பரப்பு அடைக்கும் கோணம்) தேவை. துணி, பெயிண்ட், பிளாஸ்டிக் துறைகளில் டி65 என்னும் தரப்படுத்திய பகலொளியும் 1964-இல் வரையறுக்கப்பட்ட 10 டிகிரி பார்வையாளரும் வழக்கம். அச்சுத் துறையில் டி50 என்னும் சற்று மஞ்சளான பகலொளியும் 1931-இன் 2 டிகிரி பார்வையாளரும். ஒரே அட்டையை இரண்டு விதமாகவும் கணக்கிட்டால் இரண்டு லேப் எண்கள் வரும், இரண்டும் சரியானவை. அச்சகத்திலிருந்து வந்த எண்ணை அப்படியே பெயிண்ட் கலக்கும் இடத்தில் இலக்காக வைத்தால் தொடக்கத்திலேயே பிழை புகுந்துவிடும்.

பளபளப்பு விஷயம் இன்னும் நுட்பமானது. உள்ளே வெள்ளைக் கோளம் வைத்து எல்லாப் பக்கமிருந்தும் ஒளி பரப்பும் கோள அமைப்புள்ள கருவிகள் பலவற்றில் பளபளப்பைச் சேர்த்தும் விலக்கியும் அளக்கலாம். 45 டிகிரியில் ஒளி பாய்ச்சி நேர் மேலிருந்து பார்க்கும் 45/0 அமைப்புள்ள கருவியோ எப்போதும் விலக்கியே அளக்கும். சாயக் கலவை சரியா என்று தெரிய வேண்டுமானால் சேர்த்து அளப்பது நல்லது, ஏனென்றால் பரப்பு மாறினாலும் அந்த எண் அதிகம் ஆடாது. பார்ப்பவர் கண்ணுக்கு எப்படித் தெரியும் என்பது கேள்வியானால் விலக்கி அளக்க வேண்டும். கோளக் கருவியில் விலக்கி எடுத்த எண்ணும் 45/0 எண்ணும் ஒன்றுதான் என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை, அவற்றைக் கலக்கக் கூடாது.

வெண்மையூட்டி சேர்த்த காகிதத்துக்கும் வெள்ளைத் துணிக்கும் தனிக் கவனம் வேண்டும். அந்தப் பொருள் புற ஊதாவை உறிஞ்சி நீல ஒளியாகத் திருப்பித் தருகிறது. கருவியின் விளக்கில் புற ஊதா குறைவாக இருந்தால் அதே வெள்ளை மஞ்சளாகப் பதிவாகும். ஐஎஸ்ஓ 13655 தரம் எம்0, எம்1, எம்2, எம்3 என்று அளவீட்டு நிலைகளைப் பிரித்து வைத்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். எம்1-இல் டி50-க்கு இணையான புற ஊதா இருக்கும், எம்2-இல் புற ஊதா விலக்கப்பட்டிருக்கும். எம்1-இல் எடுத்த இலக்கை எம்2-இல் சரிபார்ப்பதில் பயனில்லை.

இதற்கு நான் சொல்லும் வழி ரொம்ப எளிது. ஒவ்வொரு அறிக்கையிலும் எண்ணுக்குப் பக்கத்திலேயே ஒரு வரி எழுதிவிடுங்கள்: டி65, 10 டிகிரி, பளபளப்பு சேர்த்து, 8 மிமீ துளை (கருவி மாதிரியைப் பார்க்கும் வாய்), நான்கு மடிப்பு, நான்கு ரீடிங் சராசரி. எழுதுவதற்கு அரை நிமிடம்கூட ஆகாது.

வெள்ளை டைல் என்னும் நம்பிக்கை

கருவியோடு வரும் வெள்ளை டைலில் கேலிபரேஷன் (அளவு சரிசெய்தல்) செய்தாயிற்று, பச்சை டிக் வந்துவிட்டது, கருவி சரியாக இருக்கிறது என்று எண்ணுவது மிகப் பரவலான தவறு. கேலிபரேஷனின்போது கருவி டைலைப் பார்த்து, "இதன் மதிப்பு எனக்குத் தெரியும்" என்று தன்னை அதற்குத் தகுந்தபடி திருத்திக்கொள்கிறது. டைலில் கைரேகையோ தூசியோ படிந்திருந்தால் திரும்பும் ஒளி குறையும். கருவியோ அழுக்கை வெள்ளை என்றே எடுத்துக்கொண்டு எல்லாவற்றையும் உயர்த்திக் காட்டும். அப்புறம் அளக்கும் ஒவ்வொரு மாதிரியும் உண்மையைவிடக் கொஞ்சம் வெளிறித் தெரியும். சந்தேகம் வந்து அதே டைலை மறுபடி அளந்தாலும் எண் கச்சிதமாகப் பொருந்தும். அதனால்தான் இந்தப் பிழை மாதக்கணக்கில் கண்ணில் படாமல் இருக்கிறது.

எனவே கேலிபரேஷனில் பங்கெடுக்காத இன்னொரு டைல் வேண்டும், பச்சையோ சாம்பலோ எதுவானாலும் சரி. தினமும் காலையில் அதை அளந்து எண்ணைக் குறித்து வாருங்கள். எண் ஒரே திசையில் நகரத் தொடங்கினால் விளக்கோ டைலோ துளையோ ஏதோ சொல்ல வருகிறது என்று பொருள்.

வெள்ளை டைலுக்குக் கருவியோடு சேர்ந்த வரிசை எண் உண்டு. இரண்டு கருவிகள் இருக்கும் இடத்தில் டைல்கள் மாறிப்போவது சாதாரணமாக நடக்கிறது. கருவியையும் டைலையும் ஒரே வண்ண ஸ்டிக்கரால் குறித்துவைத்தால் போதும். ஒளியே திரும்பாத நிலையை அளந்து பூஜ்ஜியத்தைக் குறிக்கும் கருப்பு கேலிபரேஷனைத் தவிர்ப்பவர்களுக்கு அடர்ந்த நிறங்களில், குறிப்பாகக் கருநீலத்திலும் கருப்பிலும், எண்கள் தடுமாறும். குளிரூட்டிய அறையிலிருந்து வெப்பமான கூடத்துக்குக் கருவியைக் கொண்டுபோனால் கொஞ்ச நேரம் விட்டு, கேலிபரேஷனைத் திரும்பச் செய்யுங்கள்.

மாதிரியை அவசரமாக நீட்டுவது

எனக்குத் தெரிந்து அதிகமான பிழைகள் நடப்பது கருவிக்கு வெளியே, மாதிரியைத் தயார் செய்வதில்.

சூடு முதலில். சிவப்பு, ஆரஞ்சு நிறமிகள் பலவற்றின் நிறம் வெப்பத்தால் மாறும். ஆறினால் திரும்ப வரும். அச்சிலிருந்து இப்போதுதான் விழுந்த ஆரஞ்சு நிறத் துண்டை அளந்துவிட்டு, எண் தப்பாக இருக்கிறதென்று கலவையை மாற்றுவார்கள். துண்டு ஆறிய பிறகு பார்த்தால் மாற்றியதுதான் தப்பு என்று தெரியும். துணியில் சூட்டோடு ஈரப்பதமும் சேர்ந்துகொள்கிறது. உலர்த்தியிலிருந்து வந்த பருத்தி, ஈரம் முழுக்க இழந்த நிலையில் வேறு நிறம் காட்டும். துணிச் சோதனைக்கான ஐஎஸ்ஓ 139, 20 டிகிரி செல்சியஸ், 65 சதவீத ஈரப்பதம் என்று ஒரு நிலையை வகுத்திருக்கிறது. அந்த வசதி இல்லாத இடத்தில் மூல மாதிரியையும் புதிய மாதிரியையும் ஒரே இடத்தில் ஒரே நேரம் கிடக்கவிட்டு அளப்பதாவது அவசியம். பெயிண்டும் மையும் காயக்காய மாறும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் அவசரத்தில் ஈரப் பெயிண்டை அளப்பவர்கள் இருக்கிறார்கள்.

அடுத்தது, ஒளி ஊடுருவும் மாதிரி. மெல்லிய துணியை ஒற்றையாக வைத்தால் நீங்கள் அளப்பது துணியோடு அடியில் இருக்கும் மேசையையும் சேர்த்துத்தான். மடித்துக்கொண்டே போய், எண் மாறுவது நிற்கும் மடிப்பு எத்தனை என்று ஒரு தடவை கண்டுபிடித்து அதையே விதியாக வைத்துக்கொள்ளலாம். அதற்காக மெத்தைபோல மடித்து அழுத்தவும் கூடாது, துணி துளைக்குள் பிதுங்கி ஒளிமூலத்துக்கு அருகில் போய்விடும். காகிதமானால் அடியில் கருப்பா வெள்ளையா என்பதை இரு தரப்பும் முன்பே பேசி முடிவு செய்ய வேண்டும். ஊடுருவும் பிளாஸ்டிக்கில் சிறிய துளை இன்னொரு சிக்கலைக் கொண்டுவருகிறது: பொருளுக்குள் புகுந்த ஒளியில் ஒரு பகுதி பக்கவாட்டில் பரவி, துளைக்கு வெளியே போய்விடுகிறது. மாதிரி உள்ளதைவிட இருண்டதாகப் பதிவாகும். இடம் இருக்கும்போது பெரிய துளையையே பயன்படுத்துங்கள்.

நெசவுக்கும் கோடு கோடாகத் தேய்த்த உலோகத்துக்கும் திசை உண்டு. ஒரே இடத்தில் 90 டிகிரி திருப்பித் திருப்பி நான்கு முறை அளந்து சராசரி எடுப்பது நல்ல பழக்கம். வெல்வெட் போன்றவற்றில் நூல் முனைகள் சாயும் பக்கத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும். வளைந்த பொருளில் துளையின் ஓரம் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றால் வெளி ஒளி உள்ளே வரும். அதற்கு ஒரு தாங்கி செய்துவிடுங்கள், கை நடுக்கமும் அதிலேயே போய்விடும். உலோக மினுமினுப்பும் முத்துப் பளபளப்பும் உள்ள பெயிண்டுக்கு ஒற்றைக் கோணக் கருவி பொருந்தாது, 15, 25, 45, 75, 110 டிகிரி என்று பல கோணங்களில் அளக்கும் கருவி தேவை.

டெல்டா ஈ ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்வது

"டெல்டா ஈ ஒன்றுக்குக் கீழே இருந்தால் பாஸ்" என்ற பேச்சில் ஒரு தகவல் விடுபட்டிருக்கிறது. எந்தச் சூத்திரம்? 1976-இன் பழைய சூத்திரம், துணித் துறையில் 1984-இலிருந்து பழகிய சிஎம்சி, 2001-இல் வெளியான சிஐஈடிஈ2000 எல்லாமே டெல்டா ஈ என்றுதான் அழைக்கப்படுகின்றன.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒளிர்வு 50 உள்ள நடுநிலைச் சாம்பல் ஒன்று, அதன் பி மதிப்பு 0-இலிருந்து 4-க்கு நகர்கிறது. இன்னொன்று ஒளிர்வு 85 உள்ள அழுத்தமான மஞ்சள், அதன் பி மதிப்பு 90-இலிருந்து 94-க்கு நகர்கிறது. 1976 சூத்திரத்தில் இரண்டுக்கும் டெல்டா ஈ 4. சிஐஈடிஈ2000-இல் சாம்பலுக்குச் சுமார் 3.7, மஞ்சளுக்குச் சுமார் 0.8. கண்ணும் ஏறக்குறைய அப்படித்தான் பார்க்கிறது: சாம்பலில் மஞ்சள் சாயல் ஏறினால் உடனே தெரியும், அடர் மஞ்சளில் கொஞ்சம் கூடினால் தெரியாது. பழைய சூத்திரத்தில் எல்லா நிறத்துக்கும் ஒரே டாலரன்ஸ் (அனுமதிக்கும் விலகல்) வைத்திருப்பவர்கள் நல்ல மஞ்சளைக் கழித்துவிட்டு மோசமான சாம்பலை அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள்.

டெல்டா ஈ திசையையும் சொல்லாது. மூல மாதிரியிலிருந்து ஒரு துண்டு சிவப்புப் பக்கம் 0.9, இன்னொன்று பச்சைப் பக்கம் 0.9 விலகியிருக்கட்டும். இரண்டும் பாஸ். இரண்டையும் ஒரே சட்டையில் கையாகவும் உடலாகவும் தைத்தால் அவற்றுக்கிடையே 1.8 வேறுபாடு, போடுபவருக்குப் பளிச்சென்று தெரியும். ஆகவே எல், ஏ, பி வேறுபாடுகளைத் தனித்தனியாகப் பார்த்து, ஒரே பக்கம் சாய்ந்தவற்றைச் சேர்த்து வைக்க வேண்டும்.

இதைவிட மெதுவாக வரும் ஆபத்து, இன்றைய லாட்டை நேற்றைய லாட்டோடு ஒப்பிடுவது. ஒவ்வொரு முறையும் 0.4-தான். அது ஒரே திசையில் ஐந்து லாட் நகர்ந்தால் 2. மூல மாதிரியோடு மட்டுமே ஒப்பிடுங்கள். அந்த மாதிரி துணியோ அட்டையோ ஆனால் வெளிச்சத்தில் மங்கும், கைபட்டு அழுக்காகும். அது புதிதாக இருக்கும்போதே நிறமாலையாக அளந்து சேமித்துவிட்டு, மாதிரியை இருட்டில் வையுங்கள்.

டாலரன்ஸ் வைக்கும்போது கருவிக்கும் கருவிக்கும் உள்ள இடைவெளியையும் கணக்கில் எடுக்க வேண்டும். உங்கள் இரண்டு கருவிகளும் ஒரே டைலில் 0.3 விலகி நின்றால், 0.5 டாலரன்ஸில் பாதிக்கு மேல் அங்கேயே போய்விடுகிறது. உற்பத்தியாளர் கையேட்டில் தரும் மறுநிகழ்வு எண் (திரும்பத் திரும்ப அளந்தால் வரும் விலகல்) பெரும்பாலும் வெள்ளை டைலில் எடுத்தது. உங்கள் கரடுமுரடான துணியில் அந்த எண் வராது, அங்கே உங்கள் எல்லை என்ன என்று நீங்களேதான் பத்து முறை அளந்து பார்க்க வேண்டும்.

டி65-இல் டெல்டா ஈ 0.3, வீட்டு மஞ்சள் விளக்கில் இரண்டும் வேறுவேறு நிறம். வேறு சாயங்களால் ஒரே நிறத்தைக் கட்டினால் இப்படி நடக்கும். மூன்று வடிகட்டிகளால் ஒரே ஒளிமூலத்துக்கு அளக்கும் கலரிமீட்டரால் இதைக் கண்டுபிடிக்க முடியாது. ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர் இருந்தால் வீட்டு மஞ்சள் விளக்கைக் குறிக்கும் ஏ ஒளிமூலத்துக்கும் கணக்கிட்டுப் பாருங்கள். அதோடு வெவ்வேறு விளக்குகள் உள்ள லைட் பாக்ஸில் கண்ணாலும் பாருங்கள். எண்ணும் கண்ணும் முரண்பட்டால் எது தவறு என்று முடிவு கட்டும் முன் காரணத்தைத் தேட வேண்டும். பெரும்பாலும் அது பளபளப்பாகவோ, நெசவாகவோ, இந்த விளக்கு விஷயமாகவோதான் இருக்கும்.

கடைசியாக ஒன்று. இதைப் பற்றி யாரும் வெளிப்படையாகப் பேசுவதில்லை. ஒரு ரீடிங் 1.2 வந்தால் கொஞ்சம் நகர்த்தி இன்னொன்று, 1.1 வந்தால் மறுபடி இன்னொன்று, 0.9 வந்ததும் அதை மட்டும் எழுதிக்கொள்வது. செய்பவர் ஏமாற்ற நினைத்துச் செய்வதில்லை, முந்தைய ரீடிங்தான் சரியில்லை என்று உண்மையாகவே நம்புகிறார். ஆனால் அந்த மூன்று எண்களும் சேர்ந்து சொல்வது, பரப்பு சீராக இல்லை என்பதை. எத்தனை இடத்தில், எந்தெந்த இடத்தில் அளப்பது என்று அளக்கத் தொடங்கும் முன்பே எழுதி வையுங்கள். வந்த எல்லா ரீடிங்கையும் பதிவு செய்யுங்கள். ஒன்றை விலக்க வேண்டியிருந்தால் தூசி, கறை, மடிப்பு என்று கண்ணால் பார்த்த காரணத்தை அதன் பக்கத்திலேயே எழுதுங்கள்.